உப்பு எங்கே போகிறது? மல்லேஸ்வரத்தின் தண்ணீர்க் கணக்கு

பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ், வாடகை எல்லாம் பேசி முடித்த கையோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "காவேரியா, போரா?" பெரும்பாலான வீட்டுக்காரர்கள் "ரெண்டும் இருக்கு சார்" என்பார்கள். எந்தக் குழாயில் எது, வாரத்தில் எத்தனை நாள் எது என்பதெல்லாம் பால் காய்ச்சிய பிறகுதான் விளங்கும். சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட்டில் வெள்ளை பூக்கிறது, குக்கரில் ஆறு விசில் வந்த பிறகும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு இருக்கிறது என்றால் அது போர் தண்ணி. "உன் பருப்பு இங்கே வேகாது" என்று நம் ஊரில் சொல்வதில் கொஞ்சம் வேதியியலும் இருக்கிறது :-)

மாற்றலாகி இங்கே வரும் நம்மவர்கள் அடுத்துக் கேட்பது, "எந்த ஃபில்டர் வாங்கலாம்?" நான் வங்கிக்காரன். பி.காம். படித்தவன். வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் பற்று வரவு எழுதத் தெரியும். தண்ணீரில் கரைந்த உப்பும் ஒரு கணக்குதான். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நான் குடியிருக்கும் மல்லேஸ்வரத்தின் கதை ரொம்பவே உதவும். ஏனென்றால் இந்தப் பேட்டையில் ஊற்று, ஏரி, கிணறு, ஆற்று நீர், ஆழ்குழாய் எல்லாமே இருந்திருக்கின்றன. ஊருக்கே பொதுவான ஃபில்டரும் இருந்தது.

ஏகோஜி காலத்து ஊற்று

பேட்டைக்குப் பெயர் தந்தது காடு மல்லேஸ்வரர் கோயில். சிவாஜியின் ஒன்றுவிட்ட தம்பி ஏகோஜி (வெங்கோஜி) இந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே மானியமாக விட்டதைச் சொல்லும் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. பெங்களூர் அதற்கு முன் அவருடைய அப்பா ஷாஜியின் ஜாகீராக இருந்த ஊர். அதே ஏகோஜிதான் 1675 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கி வைத்தார். நம் சரபோஜி மன்னரின் முன்னோர். பெங்களூரிலிருந்து காவிரியின் கடைமடைக்குப் போன அந்தப் பயணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோயிலுக்கு எதிரில் நந்தி தீர்த்தம். மண் மூடிக் கிடந்த பழைய கல்யாணி (நம் ஊர்ப் பாஷையில் படிக்கட்டு வைத்த தெப்பக்குளம்) 1997ல் தோண்டியபோது வெளியே வந்தது. நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் கீழே இருக்கும் லிங்கத்தின் மேல் விழுந்து குளத்துக்குள் போகிறது. விருஷபாவதி ஆறு பிறக்கும் இடம் இதுதான் என்று இங்கே ஒரு நம்பிக்கை. பசவனகுடி நந்தி கோயில்தான் அந்த இடம் என்று சொல்கிறவர்களும் உண்டு. விருஷபம் என்றால் காளை. எப்படியும் நந்திதான்!

பிளேக் வளர்த்த பேட்டை

பெங்களூருக்கென்று வற்றாத ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில், ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். விழுந்த மழை நாலா பக்கமும் ஓடிவிடும். அதனால் கெம்பே கௌடா காலத்திலிருந்தே ஏரி வெட்டித்தான் பிழைத்தார்கள். மல்லேஸ்வரத்தை ஒட்டி இருக்கும் சாங்கி ஏரி 1882ல் கர்னல் ரிச்சர்ட் சாங்கி கட்டியது. 1876–78 தாது வருஷப் பஞ்சம் எல்லாருக்கும் புகட்டிய பாடம் அப்போது ஆறாத புண்ணாக இருந்தது.

1898ல் பிளேக் வந்தது. நெருக்கமான பழைய பேட்டையிலிருந்து ஜனங்கள் வெளியேறி, அகலமான தெருவும் காற்றோட்டமும் உள்ள புது விரிவாக்கங்களுக்குப் போனார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அப்படி வளர்ந்தவை. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு, கொல்லையில் தென்னை, மூலையில் கிணறு. அந்தக் கிணறுகள் சில பத்து அடி ஆழம்தான். மழை பெய்து, மக்கிய மண்ணில் இறங்கி, கொஞ்ச நாள் தங்கி, வாளிக்கு வந்துவிடும். பாறையோடு பழக அதற்கு நேரமே கிடைக்காது. அதனால் உப்பும் குறைவு.

ஊருக்கே ஒரு ஃபில்டர்

இதற்குள் இன்னொரு வழியும் திறந்திருந்தது. மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்தவர் கே.சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுக்காரர், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலத்தில், 1894ல், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே ஹெசரகட்டாவில் தேக்கிய தண்ணீரை நீராவி இயந்திரத்தால் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சாமராஜேந்திரா வாட்டர் ஒர்க்ஸ் என்று பெயர்.

அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் மல்லேஸ்வரம். பிறகு அங்கே அமைந்த வடிகட்டும் நிலையம்தான் ஜுவல் ஃபில்டர்ஸ். நகை நட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜுவல் என்பது அமெரிக்க வடிகட்டிக் கம்பெனிக்காரரின் பெயர். வேலை செய்கிற விதம் எளிமையானது. கலங்கல் தண்ணீரில் படிகாரம் சேர்த்தால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகும். அதை மணல் படுக்கை வழியாக வேகமாக விட்டால் துகள் மேலேயே தங்கும். மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டுக் கழுவுவார்கள். நம் பாட்டிமார்கள் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்களே, கிட்டத்தட்ட அதே வித்தைதான், ஊர் அளவுக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படிகாரமும் மணலும் மண்ணை எடுக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பை இரண்டுமே தொடாது. தொடவேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. ஆற்று நீரில் உப்பு கொஞ்சம்தான். ஊர் முழுவதற்கும் பொதுவாக ஒரே இடத்தில் ஃபில்டர். யார் வீட்டுச் சுவரிலும் பெட்டி மாட்டவில்லை.

1920களில் மழை பொய்த்து ஹெசரகட்டா காலை வாரியது. 1933ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அதுவும் போதாமல் 1974ல் காவிரி வந்தது. சிவசமுத்திரத்தின் பக்கத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், அரை கிலோமீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். 1974ல் முதல் கட்டம், 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம். இந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டர்.

பாறைக்குள் போன கதை

குழாய் போன வேகத்தைவிட ஊர் வளர்ந்த வேகம் அதிகம். காவேரி வராத வீடும் வராத நாளும் இருக்கத்தான் செய்தன. அங்கேதான் போர் வந்தது. போர் போடும் லாரிகளில் பாதிக்கு மேல் நம் திருச்செங்கோட்டு வண்டிகளோ என்று தோன்றும். இந்தியா முழுக்கத் துளை போடப் போகிற ஊர் அது. ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவே அதிர, லாரிக்காரர் தமிழில் சத்தம் போடுவதைக் கேட்டால் தூக்கம் போன கோபம்கூடப் பாதி குறைந்துவிடும்.

பெங்களூரின் அடியில் இருப்பது கிரானைட்டும் நைஸ் பாறையும். மேல் மண்ணில் தண்ணீர் தீர்ந்தபின் பாறை இடுக்குகளைத் தேடி 300 அடி, 600 அடி, 1000 அடி என்று இறங்கினார்கள். மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. அது பாறையிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மெதுவாகக் கரைக்கும். எவ்வளவு காலம் உள்ளே கிடந்ததோ அவ்வளவு கரையும். நம் பாஷையில் சொன்னால் பாறையில் போட்ட பிக்சட் டெபாசிட். வட்டி முழுக்க உப்பாக வருகிறது!

2024 கோடையில் நகரின் 13,900 ஆழ்குழாய்களில் 6,900 வறண்டுவிட்டன என்று கர்நாடகத் துணை முதல்வர் சிவகுமார் சொன்னது நினைவிருக்கலாம். மீதி இருப்பவற்றில் பலவற்றை இன்னும் ஆழப்படுத்துகிறார்கள். உப்பும் கூடுகிறது.

பெட்டி சுவருக்கு வந்தது

1980களில் டை கட்டிய விற்பனைப் பிரதிநிதிகள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். அக்வாகார்டு 1984ல் வந்தது. அது புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் இயந்திரம். யூ.வி. என்பது இதுதான். இதுவும் உப்பைத் தொடாது.

உப்பை எடுக்க உலகில் கண்டுபிடித்த வழிகள் இரண்டு நமக்கு முக்கியம். முதலாவது அயனிப் பரிமாற்றம், கடையில் 'சாஃப்ட்னர்' என்று விற்பது. 1850 வாக்கில் இங்கிலாந்தில் தாம்ப்சன் என்கிற விவசாயியும் வே என்கிற வேதியியலாளரும் மண்ணை ஆராயும்போது, மண் ஒரு உப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விடுவதைப் பார்த்தார்கள். இன்றைய இயந்திரத்தில் மண்ணுக்குப் பதில் ரெசின் மணிகள். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மணி நிறைந்ததும் சமையல் உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி தயார்.

இரண்டாவது ஆர்.ஓ. 1959–60ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, நடைமுறைக்கு உதவும் முதல் சவ்வை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். (பெயரைக் கேட்டாலே திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருகிறதா?) 1965ல் அதே கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்ற சிற்றூரின் உப்புத் தண்ணீரை அந்தச் சவ்வு குடிநீராக்கியது. அங்கே பிரச்சினை நிலத்தடி நீரின் உப்பு. அதாவது நம் போர் தண்ணிப் பிரச்சினையேதான்.

பற்றும் வரவும்

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும். எந்த ஃபில்டரும் உப்பை அழிப்பதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான்.

சாஃப்ட்னரில் 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., குறையாது. குளிக்க, துவைக்க, கெய்சருக்கு அருமை. ரத்தக் கொதிப்புள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குடிக்க இதை நம்ப வேண்டாம்.

ஆர்.ஓ.வுக்கு ஒரு உதாரணக் கணக்கு. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணி 4 லிட்டர் உள்ளே போகிறது. மொத்த உப்பு 3200. ஒரு லிட்டர் நல்ல தண்ணி 80 மில்லிகிராம் உப்போடு வெளியே வருகிறது. மீதி 3 லிட்டரில் 3120, அதாவது லிட்டருக்கு 1040. நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 60 லிட்டர் கழிவு. வருஷத்துக்கு ஏறக்குறைய 22,000 லிட்டர். ஒரு வீட்டில்!

அந்தக் கழிவு எங்கே போகிறது? சிங்கப்பூரில் 2003 முதல் கழிவுநீரையே ஆர்.ஓ. செய்து நியூவாட்டர் என்று தருகிறார்கள். சென்னையில் 2010ல் மீஞ்சூர், 2013ல் நெம்மேலி. துபாயில் குழாயைத் திறந்தால் வருவதே கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர்தான். இந்த ஊர்களுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது. கழிவு உப்பை அங்கே தள்ளிவிட முடிகிறது. பெங்களூருக்கு அது இல்லை. மல்லேஸ்வரத்தின் மேற்குச் சரிவில் விடுகிற கழிவு விருஷபாவதிக்குப் போகும். நந்தியின் வாயில் பிறந்ததாகச் சொல்லும் அதே ஆறு, இன்றைக்குச் சாக்கடை. சுத்திகரிப்பு நிலையங்கள் அழுக்கை எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. விருஷபாவதி அர்க்காவதியில் கலக்கும். அர்க்காவதி மேகதாட்டுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியில் கலக்கும். அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர், தஞ்சாவூர். சிவசமுத்திரத்தின் பக்கத்தில் மேலே எடுத்து, சங்கமத்தில் கீழே விடுகிறோம். ஏகோஜி போன திசையிலேயே நம் சமையலறை உப்பும் போகிறது. ஒரு வீட்டுக் கழிவு ஆற்றுக்குத் துளிதான். ஆனால் இந்த ஊரில் எத்தனை வீடு!

பயமுறுத்தும் கண்ணாடித் தம்ளர்கள்

எங்கள் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்கு ஒரு விற்பனைக்காரர் வந்தார். இரண்டு தம்ளர். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய இயந்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்து மின்சாரம் விட்டார். எங்கள் தம்ளர் சேற்று நிறமானது. மாமிகள் எல்லாரும் "ஐயோ" என்றார்கள். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் கம்பியின் இரும்பு கரைந்து துருவாகும். அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டாலும் அதே கதைதான்.

டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது. இளநீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். கிருமியைக் காட்டவே காட்டாது. கடினத்தன்மை ஒன்றும் விஷமல்ல. உடல்நலத்துக்காக அதற்கு எந்த வரம்பையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான். பயப்பட வேண்டியவை ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றும். கோலார் பக்கம் ஃபுளோரைடு பழைய தொல்லை. ஓட்டைச் சாக்கடை பக்கத்தில் இருந்தால் நைட்ரேட் வரும். இவ்விரண்டும் காய்ச்சினாலும் போகாது.

சரி, எதை வாங்குவது?

முதலில் ஒரு நல்ல பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கடன் கேட்டு வருகிறவரின் கணக்கைப் பார்க்காமல் நாங்கள் கையெழுத்துப் போடுவோமா? இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்லும் அளவுகள் லிட்டருக்கு மில்லிகிராமில் இவை. முதல் எண் ஏற்கத்தக்கது, இரண்டாவது வேறு தண்ணீர் கிடைக்காதபோது பொறுத்துக்கொள்ளும் எல்லை.

டி.டி.எஸ்.: 500, 2000
கடினத்தன்மை: 200, 600
ஃபுளோரைடு: 1.0, 1.5
நைட்ரேட்: 45, அதற்கு மேல் சலுகை இல்லை

இதை வைத்துக்கொண்டு:

1. காவேரி மட்டும் வரும் வீடு: டி.டி.எஸ். 500க்கு வெகு கீழே. ஆர்.ஓ. தேவையே இல்லை. சாதாரண ஃபில்டரும் யூ.வி.யும், அல்லது காய்ச்சி ஆற்றிய தண்ணீர் போதும். 500க்குக் கீழே ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் சொன்னது.

2. காவேரியும் போரும் வரும் வீடு: குடிக்கவும் சமைக்கவும் காவேரி. போர் குழாய்க்குச் சாஃப்ட்னர், அதுவும் கெய்சர், வாஷிங் மெஷின் போகிற வழிக்கு மட்டும். கழிவறைக்கும் தரை கழுவவும் போர் தண்ணி அப்படியே போகட்டும்.

3. போர் மட்டும்: டி.டி.எஸ். 500ஐத் தாண்டினால், அல்லது ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லை மீறினால், சமையலறையில் சின்ன ஆர்.ஓ. வீடு முழுவதற்கும் வேண்டாம். கழிவை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிவறைக்கு விட வைத்துக்கொள்ளுங்கள். துளசிச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு தாங்காது.

4. செம்பழுப்புக் கறை படிகிறதா? இரும்பு. அதற்குக் காற்றூட்டித் தனியாக வடிகட்ட வேண்டும். ரெசினிலோ சவ்விலோ நேரே விட்டால் அது கெட்டுப்போகும்.

5. பழைய திறந்த கிணறு இருந்தால் முதல் எதிரி கிருமி. தூர் வாரி, குளோரின் போட்டுப் பிறகு பரிசோதியுங்கள்.

ஐந்துக்கும் பொதுவான ஒன்று மழை. மழைநீரில் கரைந்த உப்பு அனேகமாகப் பூஜ்யம். 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரில் சரிபாதி மழைநீர் கலந்தால் 300. மின்சாரம் வேண்டாம், கழிவும் இல்லை. இந்தக் கணக்கில் மட்டும்தான் மறுபக்கம் எழுத ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2003லும் பெங்களூரில் 2009லும் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். கிணறு வெட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட மண்ணு ஒட்டர்கள் இங்கே இப்போது மழையை உள்ளே இறக்கும் உறை கிணறுகளை வெட்டித் தருகிறார்கள்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் இதெல்லாம் புதிதில்லை. கிணறு சவர்த் தண்ணி, துவைக்க. ஊருணி மழைத் தண்ணி, குடிக்க. ஊருணியில் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து வைப்பார்கள். சவர்த் தண்ணியை நல்ல தண்ணியாக்க யாரும் மெனக்கெடவில்லை, எந்த வேலைக்கு எந்தத் தண்ணி என்று பிரித்து வைத்தார்கள்.

ஃபில்டர் வாங்கும்போது விலை, வாரண்டி எல்லாம் கேட்டு முடித்தபின், "பின்னாடி போகுதே அந்த மெல்லிய குழாய், அதை எங்கே விடப்போறீங்க?" என்று கேளுங்கள். "சிங்க்லதான் சார்" என்று சொன்னால், ஒரு வாளி வாங்கி வையுங்கள்.